அப்பன் சொன்ன குறை

அத்தியாயம் 11

அதைச் சொல்லி முடித்தபோது ஒச்சாண்டிக்கு மனம் நிறைந்திருந்தது. இப்போது அவரை அறுத்துக்கொண்டிருப்பது அந்த நிறைவுதான்.

சொன்னது போன வாரம், திராட்சைப் பந்தலுக்கு அடியில். அக்கா மகன் மதன்குமார் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். தோட்டம், சமையல், திருவிழா என்று எதையாவது படம் பிடித்து யூடியூபில் போடுவது அவன் பிழைப்பு. அன்று யுவராணியின் காரை முதன்முதலாக வெளியே காட்டிய நாள். இத்தாலியில் ஒரு கார்க் கம்பெனியில் வண்டிகளுக்கு உருவம் வரைகிற வேலை ஒச்சாண்டியின் மகளுக்கு. இந்த வண்டியில் பலபேர் கை பட்டிருக்கிறது. முன்பக்கம், அதாவது முகம், அவள் கை.

“மாமா, யுவா வரைஞ்ச காரப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்க” என்றான் மதன்குமார்.

ஒச்சாண்டி அவன் காட்டிய கார் படத்தை நேராகப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் தொட்டுவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார்.

“என்னத்தச் சொல்ல. மூக்கே இல்ல. கண்ணு அரைத் தூக்கத்துல கெடக்கு. எரும தண்ணிக்குள்ள கெடந்துக்கிட்டு மூஞ்சிய மட்டும் வெளிய நீட்டுற மாதிரி இருக்கு. இதப் போயி வருசக்கணக்கா வரைஞ்சிருக்கா பாரு.”

குலை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மதன்குமாரும் சிரித்தான். ஒச்சாண்டிக்கு மகள்மேல் எவ்வளவு பெருமை என்று அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அந்த வீட்டில் அப்படித்தான். நல்லதை நல்லது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். அதிலும் பெற்றவர் கண் முதலில் படும். பிறந்த பிள்ளையைப் பார்த்து, எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறது என்பார்கள். பந்தல் கொள்ளாமல் காய்த்திருந்தால், ஏதோ காய்த்திருக்கிறது என்பார்கள். யுவராணி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது, ஒச்சாண்டி மார்க் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பரவால்ல, பெயிலாகல” என்றார். அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். குறை எவ்வளவு பெரிதோ பிரியமும் அவ்வளவு பெரிது என்பது அவளுக்குச் சோற்றோடு ஊட்டப்பட்டது.

ஒரே ஒருமுறை ஒச்சாண்டி தவறியிருக்கிறார். ஒரு சித்திரையில் வியாபாரிகள் முன்னால் நின்று, தன் பந்தல் மாதிரி இந்தப் பள்ளத்தாக்கில் எவனுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே கோடைக்காற்று வந்தது. காற்று எல்லாப் பந்தலிலும்தான் அடித்தது. படுத்தது அவர் பந்தல் மட்டும். பந்தலைத் தாங்கும் கல்லுக்கால் அடியில் மண் அரித்துப்போயிருந்ததை மகன் விஜயபாண்டி தோண்டிக் காட்டினான். ஒச்சாண்டி குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு எதையும் நல்லாயிருக்கிறது என்று அவர் சொன்னதில்லை.

சொந்த ஊரான சுருளிப்பட்டியில் சொன்னது சுருளிப்பட்டியோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை.

*

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் டீக்கடைக்குப் போனபோது பேச்சு ஏற்கெனவே அந்தக் காரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. குமுளிக்கு டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிற சுருளிராஜன் செல்போனில் படத்தை வைத்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தான். இந்த மாதிரி வண்டிக்கு கிராண்ட் டூரர் என்று பெயராம். ஒரு நாட்டில் ஏறி அடுத்த நாட்டில் இறங்கினாலும் இடுப்பு வலிக்காதாம். எவ்வளவு பெரிய பணக்காரனும் இதைத் தானேதான் ஓட்டுவானாம். ஆகவே டிரைவர் குலத்துக்கு இந்த வண்டியால் ஒரு பிரயோசனமும் கிடையாது என்று முடித்தான்.

ஆளாளுக்கு ஒரு கருத்து வைத்திருந்தார்கள். பேட்டரி வண்டிக்கு முன்னால் என்ன இருக்கிறது, பானெட் எதற்கு இவ்வளவு நீளம் என்றார் ஒருவர். தரையோடு தரையாகக் கிடக்கிறது, நம் ஊர் வேகத்தடையில் வயிறு தட்டிவிடும் என்றார் இன்னொருவர். கதவு இரண்டுதான், பின் சீட்டில் மாமியாரை ஏற்றினால் இறக்குவதற்குத் தனியாகக் கூலி ஆள் விடவேண்டும் என்றான் டீ ஆற்றுகிறவன். பழம் எடுக்க வந்திருந்த கோட்டயத்து வியாபாரி மட்டும் படத்தைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார். “கொள்ளாம். வண்டி நல்லாத்தான் இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார்.

ஒச்சாண்டி டீ கிளாஸுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, சத்தம் வராமல் துப்புவதுபோல உதட்டைக் குவித்தார்.

அப்போதுதான் சுருளிராஜன் அவரைக் கவனித்தான். சிரிப்பு அடங்கியது.

“பெரியப்பா, நீங்க பேசுன வீடியோ எங்கெங்கனயோ போயிருச்சு. பாத்தீகளா?”

“எங்கன போச்சு?”

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். ஒரு வெள்ளைக்காரன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில், சின்னக் கட்டத்துக்குள், தலையில் துண்டோடு ஒச்சாண்டி நின்றார். அவர் வாய் அசைந்தது. கீழே எழுத்துகள் ஓடின.

“கீழ என்னப்பா எழுதிருக்கு?”

சுருளிராஜன் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“வரைஞ்ச பிள்ளையோட அப்பாவுக்கே புடிக்கலன்னு எழுதிருக்கு பெரியப்பா.”

அவர் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்பது கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அதை அந்த வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

*

வீட்டில் விஜயபாண்டி வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தான். தேனியில் டிராக்டர் ஷோரூம் ஒன்றில் மேனேஜராக இருக்கிறான். வண்டி வாங்க வருகிறவன் காதில் விழுகிற ஒரு சொல் எதைக் கவிழ்க்கும் என்று தெரிந்தவன். அப்பாவிடம் நேற்றே சொல்லியிருக்க வேண்டும், மனம் வரவில்லை என்றான்.

முதலிரண்டு நாள் நெட்டில் பேச்சு வேறுமாதிரி இருந்ததாம். இந்தக் கம்பெனி வண்டி என்றால் இன்ஜினுக்குக் காற்று இழுக்க முன்னால் அகலமாக ஒரு வாய் இருக்கும், அதைப் பார்த்துத்தான் தூரத்திலிருந்தே இன்ன வண்டி என்று கண்டுகொள்வார்கள், அந்த வாயை எடுத்துவிட்டார்களே என்று பழைய ஆட்கள் ஆத்திரப்பட்டார்கள். இன்ஜினே இல்லாத வண்டிக்கு வாய் எதற்கு, இதுதான் புதுசு, இதுதான் அழகு என்று மற்றவர்கள் சண்டைக்கு நின்றார்கள். தேய்ந்துபோன சோப்பு என்று ஒருவன் எழுதினால், அமைதியான முகம் என்று இன்னொருவன் எழுதினான். தராசில் நிறுத்தால் தட்டு இரண்டும் சமமாகத்தான் நின்றிருக்கும்.

“அப்பறம் ஒங்க வீடியோ வந்துச்சு” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு வாயைப் பற்றியோ சோப்பைப் பற்றியோ யாரும் பேசவில்லை. எல்லாருக்கும் எருமைதான். யாரோ அந்தக் காருக்குக் கொம்பு வைத்துப் படம் போட்டிருக்கிறார்கள். யாரோ மூக்கணாங்கயிறு கட்டியிருக்கிறார்கள்.

நிலைப்படியில் சாய்ந்து நின்ற மனைவி ராஜாத்தி, இது மதன்குமார் வேண்டுமென்று செய்த வேலை என்றாள். முறைப்பெண்ணைத் தனக்குத் தராமல் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற காந்தல் அவனுக்கு இன்னும் ஆறவில்லை என்றாள். ஒச்சாண்டிக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று அவன் சிரித்தது நல்ல சிரிப்புதான். சொன்னவன்மேலும் குற்றமில்லை, எடுத்தவன்மேலும் குற்றமில்லை என்றால் இந்தக் குற்றத்தை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது?

விஜயபாண்டியின் கையில் போன் அடித்தது. யுவராணி.

ஒச்சாண்டி அதை வாங்கிக்கொண்டு கொல்லையில் இருக்கிற தொழுவத்துக்குப் போனார். அங்கே இப்போது மாடு இல்லை. சொட்டுநீர்க் குழாய்ச் சுருள்களும் உர மூட்டைகளும்தான்.

“அப்பா, சாப்பிட்டீகளா?”

“ம்.”

அவர்கள் இருவரும் எப்போதும் போனில் அதிகம் பேசுகிறவர்கள் அல்லர். அவள் அங்கே மூச்சுவிடுவதை இவர் கேட்டுக்கொண்டிருப்பார். அதிலேயே அவள் தூங்கினாளா இல்லையா என்று தெரிந்துவிடும். இன்று அவள் தூங்கியிருக்கவில்லை.

“ஆத்தா, நான் அன்னைக்குச் சொன்னது…”

“எனக்குத் தெரியாதாப்பா? மொதத் தடவ பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். அம்புட்டுச் சந்தோசம்.”

ஒச்சாண்டி போனை மறு காதுக்கு மாற்றினார்.

அவள் மெதுவாக விளக்கினாள். இப்போது காட்டியது ஒரு மாதிரி வண்டிதான், விற்பனைக்கு வருவது அடுத்த வருடம். அதற்குள் முகத்தை மாற்றிவிடலாமா என்று இன்று கூடிப் பேசப்போகிறார்கள். அங்கே மத்தியானம், இங்கே சாயங்காலம். மாற்றுவது என்று முடிவானால் வேறு ஆள் வரைவார். அவள் கோடு ஒன்றுகூட மிஞ்சாது.

“நீங்க ஏன் அப்படிச் சொன்னீகன்னு இங்க எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன்ப்பா. பொறுமையாக் கேட்டாக. ரொம்ப நல்ல பழக்கம்னாக. அப்பறம், ஆனா எரும மாதிரித்தான இருக்குன்னாக.”

வெளியே எங்கோ மருந்தடிக்கும் மோட்டார் ஓடி நின்றது.

“அப்பா, ஒண்ணு கேக்கவா? எருமன்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

“எது ஆத்தா?”

“நான் வரைஞ்சதே அதத்தான்ப்பா. நம்ம கரிச்சிய. வாய்க்கால்ல மூக்கு வரைக்கும் தண்ணிக்குள்ள கெடக்கும்ல. அத நெனச்சுத்தான் மொதக் கோடு போட்டேன். எருமன்னு சொன்னா இங்க யாரு ஒத்துக்குவா? ஆத்துக் கல்லுன்னு சொல்லிட்டேன். கம்பெனியும் அப்படித்தான் எழுதிப் போட்டாக.”

ஒச்சாண்டி மாடில்லாத தொழுவத்தைச் சுற்றிப் பார்த்தார்.

கரிச்சியை விற்றுப் பல வருடம் ஆகிறது. அவருக்கு அது நினைவில்கூட இல்லை. வாய்க்கு வந்த குறை ஒன்றை எடுத்து வீசினார், அவ்வளவுதான். அது போய், மகள் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்திருந்த இடத்திலேயே விழுந்திருக்கிறது.

“தெரியாது ஆத்தா. வாயில வந்துச்சு.”

“சரி, விடுங்க. இப்ப யாரு பாத்தாலும் அதுதான் தெரியுது. கல்லுன்னு ஏன் பொய் சொன்னன்னு கேக்குறாக.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீங்க இனிமே ஒண்ணும் பேச வேணாம்ப்பா. யாரு போன நீட்டுனாலும் பேசாதீக. கூட்டம் முடிஞ்சதும் நானே கூப்புடுறேன்.”

நல்லா வரைஞ்சிருக்க ஆத்தா என்று சொல்ல அவருக்கு நாக்கு வரை வந்துவிட்டது. அங்கேயே நின்றுகொண்டது.

“ஒடம்பப் பாத்துக்க” என்றார்.

*

மத்தியானத்துக்குப் பிறகு விஜயபாண்டி ஒரு யோசனை சொன்னான். குறை சொன்ன வாயாலேயே நிறையும் சொல்லிவிட வேண்டும். கூட்டம் தொடங்குவதற்கு முன்பு அந்த வீடியோ அவர்கள் கண்ணில் பட்டுவிட வேண்டும்.

பேச வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள் என்றார் ஒச்சாண்டி.

“ஒங்களுக்குச் சங்கடம்னு சொல்லிருப்பா. அவ எப்பத் தனக்குன்னு கேட்டிருக்கா?” என்றான் விஜயபாண்டி.

உண்மையிலேயே அவள் கேட்டதில்லை.

“பெத்த மக பொழப்புங்க” என்றாள் ராஜாத்தி. “ஒங்க பயத்த ஒருநாள் ஒதுக்கி வைங்க.”

மதன்குமாரும் வந்தான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. வந்தவன் முகம் கருத்துப்போயிருந்தது. வாசலில் வெளிச்சம் பார்த்து மாமாவுக்கு நாற்காலி போட்டுவிட்டு, போனைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலையோடு நின்றான். என்ன சொல்ல வேண்டும் என்று விஜயபாண்டி சொல்லிக்கொடுத்தான். வண்டி அருமையாக இருக்கிறது, ஆற்றுக் கல் மாதிரி வழவழப்பாக இருக்கிறது, அன்று விளையாட்டுக்குச் சொன்னேன்.

ஒச்சாண்டி வாயைத் திறந்தார். ஆற்றுக் கல் என்ற சொல் வரவில்லை. அது கல் இல்லை என்று அவருக்குத் தெரியும். அதை இங்கே யாரிடமும் சொல்லவும் முடியாது. திறந்த வாயை மூடினார். மறுபடி திறந்தார். விஜயபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னான்.

“அந்தப் படத்தக் காட்டு” என்றார் ஒச்சாண்டி.

முதல்முறையாக அவர் அந்தக் காரை நேருக்கு நேர் பார்த்தார். ஏதோ ஒரு ஏரிக்கரையில் அது நின்றது. கரிய உடம்பு. மூக்குநுனியில் எழும்பிய ஒரே கோடு நெற்றியில் ஏறி, முதுகில் படுத்து, பின்னால் தண்ணீருக்குள் இறங்குவதுபோல இறங்கியது. முன்னால் இரண்டு பக்கமும் தகடு மெல்ல விலகியிருந்தது. கரிச்சி வாய்க்காலில் எதிரே வரும்போது தண்ணீர் அப்படித்தான் இரண்டாக விலகும். கரையில் இவர் குளிப்பாட்ட நிற்பார். சின்னப் பெண் ஒருத்தி கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அரைக்கண் என்று அவர் சொன்னது தூக்கம் இல்லை. வெயிலில் நடந்து வந்து தண்ணீரில் இறங்கிய உயிரின் கண். எவ்வளவு தூரம் போனாலும் அலுக்காத வண்டிக்கு வேறு எந்த முகம் பொருந்தும்?

அது நன்றாக இருந்தது. பயமாக இருக்கும் அளவுக்கு நன்றாக இருந்தது.

“நல்லாருக்கு” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “எம் மக வரைஞ்சது. ரொம்ப நல்லாருக்கு.”

சொன்னதும் போனைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராஜாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, பிள்ளைகளைப் பற்றி அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து இப்போதுதான் கேட்கிறாள்.

மதன்குமார் அங்கேயே நின்று அதை ஏற்றிவிட்டான். பார்க்கிறவர்கள் உடனே வந்துவிட்டார்கள். விஜயபாண்டி தன் போனில் படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான். என்ன என்று கேட்டார் ஒச்சாண்டி. ஒன்றுமில்லை என்றான். அவர் விடவில்லை.

“பெரியவரு கண்ணப் பாருங்க, பொய் சொல்றாருன்னு போட்டிருக்கான்ப்பா.” விரலால் இன்னும் கீழே தள்ளினான். “கம்பெனிக்காரன் மெரட்டிச் சொல்ல வச்சிருக்கான்னு இன்னொருத்தன்.”

ஒச்சாண்டி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை.

*

சூரியன் கம்பம் ஊருக்கு மேற்கே மலைக்குப் பின்னால் இறங்கியது. பந்தல்களின் பச்சை கருத்தது. இந்நேரம் கூட்டம் முடிந்திருக்கும் என்றான் விஜயபாண்டி. போன் வரவில்லை. அவனே கூப்பிட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டான்.

நல்லாருக்கு என்று சொன்ன சொல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒச்சாண்டி நினைத்தார். பந்தல் படுத்த அன்றும் காற்றுக்கு முன்னால் இப்படித்தான் ஒரு அசைவும் இல்லாமல் இருந்தது.

ராஜாத்தி எழுந்து போய்க் கல்லுப்பும் வரமிளகாயும் அள்ளி வந்தாள். கொல்லையில் வெந்நீர் போடும் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விஜயபாண்டியின் போனை வாங்கி, காரின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவள், புருஷனைப் பார்த்தாள்.

“யாருக்குச் சுத்த? வண்டிக்கா, பிள்ளைக்கா?”

“ரெண்டுக்கும் சேத்து.”

படத்தைச் சுற்றி எடுத்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் கையை நீட்டித் துப்பச் சொன்னாள். இதையெல்லாம் நம்பாத விஜயபாண்டியும் துப்பினான். ஓரத்தில் நின்ற மதன்குமாருக்கு முன்னாலும் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள். பிறகு எல்லாவற்றையும் நெருப்பில் போட்டாள்.

உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் சுருண்டு கருகியது.

கண் படாத வீட்டில் மிளகாய் நெடி மூக்கைப் பிடுங்கும். அத்தனை பேரும் இருமியாக வேண்டும். கண் பட்டிருந்தால் எத்தனை மிளகாய் கருகினாலும் நெடி வராது. ராஜாத்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புகை எழுந்து, அவர்கள் முகத்தைத் தொட்டு, முருங்கைமரத்துக்குப் போனது. யாரும் இருமவில்லை. விஜயபாண்டி அடுப்புக்கு அருகில் போய் வேண்டுமென்றே மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றான்.

ராஜாத்தியின் கையில் போன் அடித்தது. கார் படத்தின்மேல் யுவராணியின் பெயர் வந்து நின்றது.

“எடுக்கட்டுமாங்க?” என்றாள் ராஜாத்தி.

ஒச்சாண்டி கையை உயர்த்தி, பொறு என்றார். அவள் எடுப்பதற்குள் ஒருமுறையாவது இருமிவிட வேண்டும் என்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, புகைக்குள் மூஞ்சியை நீட்டியபடி நின்றார்.